கை தெரியவில்லை

திங்கட்கிழமைகளில் அண்ணாச்சி காதில் பஞ்சோடுதான் அலுவலகத்துக்கு வருவார். காதுவலி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஞாயிறு மதியம் தொடங்கும் ஸ்டாக் கார் பந்தயம், துபாயில் நாங்கள் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும். அதை அவர் திங்கட்கிழமை சாயங்காலம், டூட்டி முடிந்த பிறகு, முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை பதிவில் பார்ப்பார். அதற்குள் யார் ஜெயித்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் அந்தப் பந்தயத்தைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அப்படியும் பஞ்சு.

"லிஃப்ட்ல எவனாவது அமெரிக்காக்காரன் வந்து நின்னாம்னா என்ன செய்ய?" என்பார்.

அந்த லிஃப்டில் ஒன்பது வருஷத்தில் நான் ஒரு அமெரிக்கரையும் பார்த்ததில்லை.

எங்களுடையது பர் துபாயில் ஒரு காப்பீட்டு அலுவலகம். அவர் வாகன சர்வேயர். இடிபட்ட வண்டிகளை கராஜ் கராஜாகப் போய்ப் பார்த்து, எப்படி இடிபட்டது, எவ்வளவு சேதம் என்று குறித்து வருவார். அந்தக் குறிப்பை நான் டைப் செய்வேன். அவர் கோவில்பட்டிப் பக்கம், நான் சேலம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அலுவலகத்தில் இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

ஒரு ஒடுக்கைப் பார்த்தே, இடித்தவன் பிரேக் மிதித்தானா இல்லையா என்று சொல்லிவிடுவார். பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு தாழும், அதனால் தழும்பு கீழே விழும். பிடிக்காமல் வந்தால் தழும்பு ஒரு கை மேலே நிற்கும். இதை எனக்கு முதல் வாரமே சொல்லிவிட்டார். பிறகு நானும் தெருவில் நிற்கும் வண்டிகளின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தேன்.

இந்த ஊரில் விபத்து நடந்தால் போலீஸ் தாள் இல்லாமல் எந்த கராஜும் வண்டியைத் தொடாது. தப்பு செய்தவருக்குச் சிவப்புத் தாள், மற்றவருக்குப் பச்சை. அதற்குமேல் போலீஸுக்கு வேலை இல்லை. அண்ணாச்சிக்கு அது போதாது. சிவப்புத் தாளிலும் அவருக்கு இரண்டு வகை உண்டு. கை தவறி இடித்தவன், தெரிந்தே இடித்தவன்.

"கை தவறி இடிச்சாம்னா மன்னிச்சிரலாம்மா. தெரிஞ்சே இடிச்சாலும் கோவம்னு விட்டுரலாம். இடிச்சிட்டு, கை தவறிட்டுன்னு சொல்லுதான் பாருங்க, அவனை விடப்பிடாது."

ஒருமுறை ஒரு நர்ஸின் சின்னக் கார் வந்தது. கடை வாசலில் நிறுத்தியிருந்தபோது ஒரு பெரிய வண்டி இடித்துவிட்டது. பின்னால் எடுக்கும்போது தெரியாமல் பட்டுவிட்டது என்று அந்த வண்டிக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் எங்கள் வாடிக்கையாளர். அண்ணாச்சி அந்தக் கதவை ஒரு மணி நேரம் பார்த்தார். ஒரு தழும்பின்மேல் இன்னொரு தழும்பு ஏறியிருந்தது.

"ஒருக்கா இடிச்சிருக்கான். வண்டிய முன்னால எடுத்திருக்கான். மறுபடியும் வந்து இடிச்சிருக்கான். கை ரெண்டு தடவையா தவறும்?"

அறிக்கையில் 'மோதல்கள்' என்று பன்மையில் ஆங்கிலத்தில் எழுதினார். மேனேஜர், சென்னைக்காரர், அவரைக் கூப்பிட்டு அந்தக் கடைசி 'எஸ்' எழுத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

"எழுத்த எடுத்துரலாம் சார். கதவுல இருக்கத யாரு எடுப்பா?"

அன்றைக்கு அந்த அறிக்கையை டைப் செய்ய வேண்டாம் என்று மேனேஜர் எனக்குச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி தன் இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தானே முடித்தார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. நான் உதவவில்லை. அவரும் கேட்கவில்லை.

என் கணவருக்கும் அவருக்கும் பழக்கமான பிறகு திங்கட்கிழமை பந்தயம் எங்கள் வீட்டு டிவிக்கு மாறியது. அவர் தங்கியிருந்த ரூமில் ஆறு பேர். ரிமோட் அவர் கைக்கு வராது. மீனா பஜாரில் மிக்சர் பொட்டலம் வாங்கிக்கொண்டு வருவார். சட்டையைக் கசக்காமல் சோபா நுனியில் உட்காருவார். பார்க்க நம் தெருவில் ஓடும் கார் போலவே இருக்கும் நாற்பது வண்டிகள், முட்டை வடிவத் தடத்தில், இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடும். முதல் மாதம் எனக்குத் தலை சுற்றியது. நாலாவது மாதம் எந்த எண் வண்டி யாருடையது என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பைத்தியம் அவருக்குச் சவூதியில், யான்புவில் பிடித்தது. இளவயதில் அங்கே ஒரு ஒப்பந்தக் கம்பெனியின் வண்டிப் பிரிவில் மெக்கானிக்காக இருந்தார். மேலே ஒரு அமெரிக்க சூப்பர்வைசர். அவருக்கு ஊரிலிருந்து வீடியோ டேப் வரும். வெள்ளிக்கிழமை மதியங்களில் கேம்ப்பில் இருவரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். அண்ணாச்சிக்கு அப்போது இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. மோதல் வரும்போது டேப்பை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, இருவரும் பிரேக் விளக்கு எரிந்ததா என்று பார்ப்பார்களாம்.

நான் பார்க்க ஆரம்பித்த காலத்தில் அந்த ஆட்டத்தின் மேல் அவருக்கு ஆசை குறைந்து ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. ஒரு பந்தயம் ஜெயித்தால் போதும், வருஷக் கடைசியின் பெரிய சுற்றுகளுக்குள் நுழைந்துவிடலாம் என்று விதி வைத்துவிட்டார்கள். அதனால் கடைசிச் சுற்றில் இரண்டாவதாக வருகிறவன், முன்னால் போகிறவனை முட்டித் தள்ளிவிட்டுப் போனான். பந்தயத்தின் நடுவே விளம்பரத்துக்கு வசதியாக நிறுத்தம் வேறு. அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது முட்டிய பிறகு நடந்ததுதான். இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், ஒருவரைச் சுவரில் ஏற்றிவிட்டு, வண்டியை விட்டு இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கேமரா முன்னால் நின்று எண்ணெய்க் கம்பெனிக்கும் டயர் கம்பெனிக்கும் நன்றி சொல்வான். பிறகு, "நாங்கள் ரெண்டு பேரும் கடுமையாகப் போட்டி போட்டோம், அவ்வளவுதான்" என்பான்.

"பாத்தியளா?" என்று அண்ணாச்சி என் பக்கம் திரும்புவார். "முந்தியும் இடிச்சானுவ. இடிச்சவன் போயி, ஆமாலே, நான்தான் இடிச்சேன், என்ன செய்வேன்னு நிப்பான். இவன் அடிப்பான், அவன் அடிப்பான், முடிஞ்சிரும். இப்பம் இடிச்சதே இல்லைங்கான். நாப்பது கேமரா இருக்கு, அதுக்கு முன்னால நின்னுக்கிட்டு இல்லைங்கான். விசாரிக்கவன் அவனுக்கும் மேல. 'பந்தயத்துல இதெல்லாம் நடக்கும்'னு எழுதி ஒப்பம் போடுதான்."

அந்தப் பந்தய அமைப்புக்கு அவர் கடிதம் எழுதுவார். இங்கிலீஷைத் திருத்திக் கொடுப்பது நான். எந்தப் பந்தயம், எத்தனையாவது சுற்று, எந்த வண்டியின் எந்த மூலையில் பட்டது, பிரேக் விளக்கு எரிந்ததா, எல்லாம் சர்வே அறிக்கை போலவே இருக்கும். மூன்று வருஷத்தில் பதினேழு மெயில் அனுப்பினோம். ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் வந்தது, ஒரே பதில். ரசிகராக இருப்பதற்கு நன்றி, தொப்பி வாங்கினால் பத்து சதவீதத் தள்ளுபடி.

அவரை இங்கேயுள்ள பந்தயத் தடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். நகரத்தைத் தாண்டிப் பாலைவனத்தில் ஒரு தடம் இருந்தது. குளிர்காலத்தில் வார இறுதிகளில் சாதாரணக் கார்களை மாற்றிக் கட்டி அமெச்சூர்கள் ஓட்டுவார்கள். தடத்தின் ஓரத்தில் நின்று கொடி காட்ட மார்ஷல்கள் தேவை என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். இருவரும் பெயர் கொடுத்தோம். ஆரஞ்சு நிற உடுப்பில் அண்ணாச்சியைப் பார்த்து என் மகள் சிரித்தாள். அவர் கொடி காட்டுவார், நான் பக்கத்தில் நின்று நேரமும் நடந்ததும் நோட்டில் எழுதுவேன். இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. அங்கே போகிற சனிக்கிழமைகளில் அவர் முகம் வேறாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, நெடுஞ்சாலையில் ஒரு பிக்கப் எங்களை உரசுவது போல வெட்டிக்கொண்டு முன்னால் போனது. நான் ஹாரனை அழுத்தினேன். கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே அண்ணாச்சி சொன்னார்.

"யான்புல ஒரு பங்களாதேஷ்காரன் இருந்தான். கேம்ப்ல இருந்து பிளான்ட்டுக்குப் போறப்ப தெனமும் இப்பிடித்தான் என்னை வெட்டிட்டுப் போவான். போகையில சன்னல் வழியா கைய நீட்டி ஆட்டுவான். வெளையாட்டுக்குத்தான். எனக்கு ஒருநா பொறுக்கல. பின்னால ஒரு தட்டு தட்டினேன். மணல்ல எறங்கி, ரெண்டு பொரட்டு பொரண்டுட்டு."

"ஐயோ. அப்புறம்?"

"தோள்பட்டை நொறுங்கிட்டு. ஊருக்கு அனுப்பிட்டாவ. நான் பிரேக் பிடிக்கலைன்னு சொன்னேன். சூப்பர்வைசர் வந்தான். என் வண்டில ஏறி பிரேக்க மிதிச்சான். நல்லாப் பிடிச்சுது. எறங்கி என்னையப் பாத்தான். பெறவு பிரேக் கோளாறுன்னு எழுதினான். மறுநா வேலைக்கு ஆள் வேணும்லா."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு டேப் பார்க்க அந்த அமெரிக்கர் கூப்பிட்டாரா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். ஒன்பது வருஷமாகத் தெரிந்த மனிதர் பக்கத்து சீட்டில் இருந்தார். அன்றைக்கு அவர் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அது நடந்தது.

அந்த வருஷம் இரண்டு பேருக்கு இடையில்தான் போட்டி. ஒருவன் இங்கே பெரிய அளவில் தொழில் செய்யும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன். அவர்கள் கம்பெனி வண்டிகள் முழுதும் எங்கள் அலுவலகத்தில்தான் காப்பீடு. இன்னொருவர் ஷார்ஜாவில் ஒரு கராஜில் வேலை பார்த்த மெக்கானிக். வவுனியாக்காரர், முப்பது வயதுக்குள். உடைந்த வண்டிகளிலிருந்து பாகம் பாகமாகச் சேர்த்துத் தன் காரைத் தானே கட்டியிருந்தார். அண்ணாச்சியும் அவரும் பந்தயம் முடிந்து கீழே படுத்து வண்டிக்கு அடியில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைய பந்தயத்தில் கடைசிக்கு முந்தின சுற்றில் மெக்கானிக், வளைவில் உள்பக்கமாக நுழைந்து அந்தப் பையனைத் தாண்டினார். சுத்தமான தாண்டல். கதவோடு கதவு லேசாக உரசியது, அவ்வளவுதான். அடுத்த சுற்றில் எங்கள் முன்னால் இருந்த நேர்ப் பாதைக்கு இருவரும் வந்தார்கள். வளைவு வர இன்னும் இருநூறு மீட்டர் இருந்தது. பையனின் வண்டி வலது பக்கம் விலகி, மெக்கானிக்கின் பின் சக்கரம் வரை ஏறி வந்தது. அங்கே திரும்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. நான் கண்ணாடி வழியாக அவன் கையைப் பார்த்தேன். கறுப்புக் கையுறை போட்ட இரண்டு கையும் ஸ்டியரிங்கை இடது பக்கம் இழுத்தன.

மெக்கானிக்கின் வண்டி குறுக்கே திரும்பி, எதிர்ப்பக்கக் கான்கிரீட் சுவரில் நேராகப் போய் மோதியது. அந்தச் சத்தத்தை டிவியில் கேட்பது வேறு.

அண்ணாச்சி மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டே நின்றார். மருத்துவ வண்டி வந்தது. மெக்கானிக்கை வெளியே எடுக்க இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. அதற்கிடையில் நான் நோட்டில் எழுதினேன். எப்படி எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை, ஆனால் எழுதியிருந்தேன். 'பிரேக் இல்லை. ஓட்டுநர் இடப்பக்கம் திருப்பினார். கை பார்த்தேன்.' அண்ணாச்சி என் தோளுக்கு மேலாக அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

மெக்கானிக்குக்கு இடுப்பெலும்பும் வலது காலும் உடைந்தன. முதுகெலும்பிலும் அடி.

பந்தயத்தின் விசாரணைக்குழு புதன்கிழமைக்குள் எழுத்துமூலம் வாக்குமூலம் கேட்டது. தடத்தின் அந்த இடத்தில் கேமரா இல்லை. நாங்கள் இருவர்தான். திங்கட்கிழமை மேனேஜர் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"உட்காருங்க. உங்க ஹஸ்பெண்டுக்கு வேலை ஏதாவது கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல சார்."

அவருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் விசாவும் மகளின் விசாவும் என் வேலையின் பேரில்தான் இருந்தன. அது மேனேஜருக்குத் தெரியும்.

"இது உங்களுக்குப் பொழுதுபோக்கு. அவங்க நமக்குப் பொழப்பு. பொய் எழுதுங்கன்னு நான் சொல்லல. தெரிஞ்சதுன்னு உறுதியா சொல்ல முடியாததை எழுதாதீங்கன்னு சொல்றேன். அந்த வெயில்ல கையெல்லாம் எப்படிங்க தெரியும்?"

அவர் குரல் உயரவே இல்லை. எனக்கு டீ வரவழைத்தார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர், "நீ எது செஞ்சாலும் சரி" என்றார். அதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்தேன். 'கண்ணாடியில் வெயில் பட்டதால் ஓட்டுநரின் கை தெரியவில்லை.' நோட்டில் எழுதியதைப் பற்றிக் கேட்டபோது, பதற்றத்தில் எழுதியது என்றேன். என் இங்கிலீஷ் நன்றாக இருந்தது. பதினேழு கடிதம் திருத்திய பழக்கம்.

அண்ணாச்சி தான் கண்டதை எழுதினார். ஒன்றரைப் பக்கம்.

இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொன்னதால், பந்தயத்தில் நேரும் விபத்து என்று முடித்தார்கள். பையனுக்குச் சில புள்ளிகள் குறைத்தார்கள். அவன் ஒரு வீடியோ போட்டான். நாங்கள் இருவரும் கடுமையாகப் போட்டி போட்டோம், அவர் எனக்குச் சகோதரர் மாதிரி, அவருக்காகப் பிரார்த்திக்கிறேன் என்றான். பின்னால் நிறுவனங்களின் பெயர் எழுதிய பலகை இருந்தது. தொப்பி போட்டிருந்தான்.

மறுநாள் அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். சர்வே குறிப்புகளை வைத்தார். நின்றார்.

"கை தெரியலையாம்மா?"

"தெரியல அண்ணாச்சி."

"சரி" என்றார். போய்விட்டார்.

அதன் பிறகும் குறிப்புகள் வந்தன, நான் டைப் செய்தேன். என் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்பார். என் கணவருக்காக இரண்டு இடத்தில் சொல்லியும் வைத்தார். ஆனால் திங்கட்கிழமை வீட்டுக்கு வரவில்லை. காதில் பஞ்சும் இல்லை. பந்தயம் பார்ப்பதை விட்டுவிட்டார் என்று அவர் ரூம்காரர் ஒருவர் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாச்சி ஏற்கெனவே கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வாராவாரம் வருகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. மெக்கானிக் அவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நானும் எழுதிக் குடுத்திட்டன். தற்செயலா நடந்தது எண்டு. எங்கட கராஜுக்கு வேலை வாறதே அந்தப் பெடியன்ர வீட்டாக்களிட்ட இருந்துதான். முதலாளி வந்து நிண்டு அழுறார். ஆஸ்பத்திரிச் செலவு, ஊருக்கு அனுப்புற செலவெல்லாம் அவையே பாக்கினமாம்."

நான் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீ எழுதினது சரிதான்டே" என்றார். ஆரஞ்சுச் சுளையில் இருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்தார். "நீ வீடு போயிச் சேரணும்லா."

எனக்கும் இரண்டு சுளை கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

நாலு மாதத்தில் சர்வே வேலையை வெளி ஆட்களிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லி அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். "கலாஸ், முடிஞ்சிட்டு" என்று அண்ணாச்சி கையைத் தட்டிக் காட்டினார். கடைசி நாள் நான் லிஃப்ட் வரை கூடப் போனேன். கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. நானும் நகரவில்லை. கதவு மூடிக்கொண்டது.

"அண்ணாச்சி, கை தெரிஞ்சுது."

"தெரியும்மா. நீங்க எழுதினத அப்பவே பாத்தேன்லா."

"அப்புறம் ஏன் கேட்டீங்க?"

"நீங்க சொல்லிருவியன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் லிஃப்ட் எண்களைப் பார்த்தார். "என்ட்ட சொல்லி என்ன செய்ய. அவன்ட்டயில்லா சொல்லணும். உசுரோட இருக்கான். எனக்கு அது வாய்க்கல. யான்புக்காரன் அட்ரஸ நான் தேடிப் பிடிக்கதுக்குள்ள அவன் செத்துட்டான்."

லிஃப்ட் மறுபடியும் வந்தது. ஏறிப் போனார்.

மெக்கானிக் அதற்கு முன்பே ஊருக்குப் போயிருந்தார். நம்பர் என்னிடம் இருந்தது. ஒன்றரை வருஷம் அழைக்கவில்லை. என் கணவருக்கு வேலை கிடைத்து, நானும் வேறு அலுவலகம் மாறிய பிறகுதான் அழைத்தேன். இனி என் வேலைக்கு ஆபத்தில்லை என்று ஆன பிறகு வந்த தைரியம் அது, அதை மறைக்க முடியாது. ஊன்றுகோலோடு நடப்பதாகவும், வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பதாகவும் அவர் சொன்னார். நலம் விசாரித்து முடித்து, சொல்லிவிட்டேன். அவன் கை திருப்பியதை நான் பார்த்தேன், தெரியவில்லை என்று எழுதினேன்.

மறுமுனையில் யாரோ ஒரு வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

"எனக்குத் தெரியும் அக்கா. நான் கண்ணாடியில பாத்தனான். அவன் கையை மட்டுமில்ல, முகத்தையும் பாத்தனான்."

"என்னை மன்னிச்சுடுங்க தம்பி."

"அதை விடுங்கோ. ஒரு உதவி செய்யுங்கோ அக்கா. இதை இனி ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. இஞ்ச வீட்டில எல்லாரும் தற்செயல் எண்டுதான் நினைச்சிருக்கினம். அம்மா கோயிலுக்குப் போய் அந்தப் பெடியன்ர பேரிலயும் சேத்துத்தான் அருச்சனை செய்யிறவ. ஆஸ்பத்திரிச் செலவு பாத்த பிள்ளை எண்டு. அவ உயிரோட இருக்கும்வரைக்கும் அப்பிடியே இருக்கட்டும்."

நான் சரி என்றேன்.

அன்று சாயங்காலமே கோவில்பட்டிக்கு அழைத்தேன். அண்ணாச்சிக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. இரண்டு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் பக்கத்து அறையிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள். மெக்கானிக் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"சொல்லாதியன்னானா?"

"ஆமா அண்ணாச்சி. அம்மா இருக்கிற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதாம்."

"அப்பம் சொல்லாதிய" என்றார். "யாரு கேட்டாலும் சொல்லாதிய."

தெரிந்தே இடித்ததை இடித்தது என்று சொல்ல வேண்டாம் என்று அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்த வருஷத்துக் குளிர்காலத்துக்குள் அவரும் இறந்துபோனார். வவுனியாவில் அந்த அம்மா இருக்கிறார். அதனால்தான் இதில் ஒருவர் பெயரும் இல்லை, அண்ணாச்சியின் பெயர்கூட.